இரண்டு மார்க் கூட

உள்ளே கட்டைகளை மேசைமேல் கொட்டுகிற சத்தம் கேட்கிறது. சிவப்பும் வெள்ளையுமான மரக்கட்டைகள். இனி அந்த டாக்டரம்மா அட்டையைக் காட்டி, இதே மாதிரி அடுக்கு பாப்போம் கண்ணு என்பாள், கடிகாரத்தை அமுக்குவாள், என் மகளுக்கு மூளை எவ்வளவு என்று தெரிந்துவிடும். துணிக்கடையில் மீட்டர் கோலை வைத்து அளக்கிற மாதிரி அளந்து, கிழித்து, இந்தா உன் பிள்ளை என்று கையில் கொடுத்துவிடுவார்கள். ஜுரம் பார்க்கிற அறைக்குக்கூட இந்த ஆஸ்பத்திரியில் கதவு உண்டு, மூளையை அளக்கிற அறைக்கு மட்டும் ஒட்டுப்பலகைத் தடுப்பும் ஒரு பச்சைத் திரையும். தடுப்பு பாதி உயரத்தோடு நின்றுவிடுகிறது. மேலே மின்விசிறி இரண்டு பக்கத்துக்கும் பொது. உள்ளே தும்மினால் இங்கே கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே கட்டைச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போனவள் நான். அன்றைக்கு டக் டக்கென்று விழுந்தது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை. இன்றைக்கு அந்த டக் டக் இல்லை. ஒரு கட்டை நகர்கிறது, நிற்கிறது, திரும்பவும் இழுபடுகிறது. கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறாள் போலிருக்கிறது. முழிக்கட்டும். முழித்தால்தான் நல்லது. நல்லதா என்ன, ஐயோ, எந்தத் தாயாவது உட்கார்ந்து இப்படி நினைப்பாளா, என் பிள்ளைக்குத் தெரியாமல் போகட்டும் சாமி என்று. ஆனால் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், செண்பகவல்லி என்று அம்மன் பேரை வைத்துக்கொண்டு, கைப்பையின் வாரைப் பிசைந்துகொண்டு.

எழுபத்திரண்டு. போன தடவை வந்தது எழுபத்திரண்டு. எழுபதோ அதற்குக் கீழேயோ வந்தால்தான் மூளை வளர்ச்சி குறைவு என்று சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் பத்தாவது பரீட்சையில் ஒரு மொழிப்பாடம் கிடையாது, இவள் சொல்லச்சொல்ல எழுதுவதற்கு ஆள் கொடுப்பார்கள், நேரம் கூடக் கொடுப்பார்கள். என் ரோஷிணியைப்போல எழுத்தெல்லாம் கண்ணில் தாறுமாறாக ஓடுகிற பிள்ளை பாஸாக அது ஒன்றுதான் வழி. அந்த இரண்டு மார்க் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் சொல்லுவேன். நான்தான் கொடுத்தேன். டெஸ்டுக்குத் தேதி வாங்க வந்த அன்றைக்கு வரிசையில் பக்கத்தில் நின்ற கயத்தாறுக்கார அம்மா, தன் மகனுக்கு முடித்துவிட்டு வந்தவள், இன்னின்ன கேட்பாக, கட்டை அடுக்கச் சொல்லுவாக, நம்பரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவாக, அதுவும் இதுவும் எப்படி ஒண்ணு என்று கேட்பாக என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பரீட்சைப் பேய் பிடித்துவிட்டது. ஸ்கூலில் முதலாவதாக வந்தவள் இல்லையா நான். கேள்வித்தாள் முன்னாலேயே கையில் கிடைத்தால் விடுவேனா? எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம், காலிப் பெட்டிகளை எடுத்து ஒரு பக்கம் சிவப்புத் தாள், ஒரு பக்கம் வெள்ளைத் தாள், இன்னொரு பக்கம் மூலைக்கு மூலை பாதி பாதி என்று ஒட்டினேன். பசை காயும் முன்னால் அடுக்கவைத்தேன். காலையில் எழுந்ததும் அடுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுக்கு. ஆப்பிளும் கொய்யாவும் எப்படி ஒண்ணு? ரெண்டும் பழம். பஸ்ஸும் ரயிலும்? ரெண்டும் வண்டி. ஏழு மூணு அஞ்சு, திருப்பிச் சொல்லு. தப்பினால் தொடையில் ஒரு கிள்ளு. எந்த ஊரிலாவது எவளாவது இதற்கு ட்யூஷன் வைப்பாளா? எங்கள் ஊரில் வைப்பாள். டெஸ்ட் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அது எதற்கு, கூட வந்தால் லாபமா குறைய வந்தால் லாபமா என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டோம், எடுக்கிற மார்க்கைக் கூட எடுக்கவேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். எழுபத்திரண்டு என்று சொன்னதும் பஸ் ஸ்டாண்ட் கடையில் சீனிச்சேவு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன். நூற்றுக்கு எழுபத்திரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஸ்கூலில் விவரம் சொன்னார்கள். டீச்சர் வருத்தத்தோடுதான் சொன்னாள், இன்னும் ரெண்டு மார்க் கொறைஞ்சிருந்தா கிடைச்சிருக்கும்மா என்று. அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். மார்க் கூட வந்துவிட்டதே என்று இந்த ஜில்லாவிலேயே அழுத ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது சத்தம் நின்றுவிட்டது. சரி பரவாயில்ல, அடுத்தது பாக்கலாமா என்கிறாள் டாக்டரம்மா. பரவாயில்லை என்றால் அடுக்கவில்லை என்று அர்த்தம். அதுகூட மறந்துபோச்சா உனக்கு? அந்தச் சிவப்புப் பெட்டி இரண்டு இன்னும் பரணில் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவாயே ரோஷி. சந்தோஷப்படவேண்டியதுதானே நான், ஏன் முடியவில்லை. இவள் அப்பா கேட்டால் சிரிப்பார். அவருக்கு இதெல்லாம் உதிரிபாகக் கணக்கு, ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவருக்குப் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் வேறு. நேற்றுச் சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்று சொன்னார், இதுதான் கடைசி, செண்பா. இந்தத் தடவ கிடைக்கலேன்னா படிப்பை நிறுத்திருவோம், பதினெட்டு ஆனதும் எங்க பெரியக்கா மகனுக்குக் குடுத்துருவோம், அவங்க எதுவும் கேக்க மாட்டாக. கேட்க மாட்டார்கள்தான். அந்தப் பையன் காலையிலேயே குடித்துவிட்டுப் படுத்திருப்பதை நாமும் கேட்கக்கூடாது இல்லையா. அப்புறம் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார், மார்க் கொறச்சு வந்தாத்தான் நல்லது, எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லிக் கூட்டிட்டுப் போ, ஒரு மணி நேரம் மக்கு மாதிரி இருந்துட்டு வரட்டும். நான் கரண்டியை வைத்துவிட்டேன். எம் பிள்ளையை மக்கா நடின்னு எம் வாயால சொல்லமாட்டேன் மாமா, நீங்களும் சொல்லக்கூடாது, அவ தெரிஞ்சதைச் சொல்லட்டும், வர்றது வரட்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். ரோஷிணி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரு பக்கம், பல்லை ஒரு பக்கம், அவ்வளவு சுத்தமாய். தலை நிமிரவில்லை. பூண்டு உரிப்பதற்கு மார்க் கிடையாது.

மாமா என்றுதான் கூப்பிடுகிறேன், நிஜமாகவே மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எந்த டாக்டரிடம் போனாலும் பேருக்கு அடுத்த கேள்வி அதுதான், சொந்தத்துலயா? ஆமாம். எந்த உறவு? தாய்மாமன். ஓ. அந்த ஓவுக்குள் எல்லாம் அடங்கிவிடும், மேற்கொண்டு அவர்கள் எழுத மட்டும் செய்வார்கள். கோபம் எல்லாம் என் அம்மாமேல். சொத்து வெளியே போகக்கூடாது, தம்பி வெளியே போகக்கூடாது என்று பத்தொன்பது வயதில் என்னைத் தூக்கிக் கொடுத்தவள், பேத்திக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றதும், இவ வயித்தில் இருக்கும்போது நீ எதையோ தின்னுட்டே என்றாள். என்ன தின்றேன், அம்மா? பிறந்ததும் இவள் அழவில்லை, நர்ஸ் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டிய பிறகுதான் அழுதாள், அந்த நேரத்தில் மூளைக்கு மூச்சுப் போகவில்லை என்று ஒரு டாக்டர். மஞ்சள்காமாலையில் விட்டுவிட்டீர்கள் என்று இன்னொருவர். கிரகணத்தன்று காய் நறுக்கினேன் என்று பக்கத்து வீட்டுக்காரி. செல்போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தேன் என்று என் கொழுந்தன், அவன் பிள்ளை கையில் எந்நேரமும் செல்போன்தான், அது எல்லாப் பாடத்திலும் தொண்ணூறு எடுக்கிறது. வல்லாரை கொடுத்தேன், பாதாம் ஊறவைத்துத் தோலுரித்துக் கொடுத்தேன், நாக்கில் வசம்பு தேய்த்தேன். மூளை என்பது எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாருடைய பதிலும் கடைசியில் என் வயிற்றில் வந்துதான் முடிகிறது. நான் ஸ்கூலில் முதலாவதாக வந்த மூளை எங்கே போச்சு, அது இவளுக்கு வந்திருக்கவேண்டாமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என் மூளையை யாரும் எந்தக் காலத்திலும் அளக்கவில்லை. பெண் பார்க்க வரக்கூட ஆள் வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே மாப்பிள்ளை இருந்தார்.

இதையெல்லாம் யாரும் ரகசியமாய்ப் பேசியதில்லை. இவளை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இன்றைக்குக்கூட உள்ளே போகும் முன்னால் டாக்டரம்மா, இவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். தானாக் குளிப்பாளா, தனியாப் பஸ்ஸில் போவாளா, மாசத்துக்கு ஒதுங்குற நாளில் தானே சுத்தம் பார்த்துக்குவாளா. பதினைந்து வயதுப் பிள்ளை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், ஆமாம், இல்லை, சொன்னால் செய்வாள். இவள் சுவரில் தொங்கிய மூளைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ரோஸ் கலரில் மடிப்பு மடிப்பாய் ஒரு படம். யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல ஒரு முகம். அந்த முகம் எனக்கு ஒரு வகையில் நிம்மதிதான். புரியாதது ஒரு புண்ணியம் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், ஸ்கூல் வாசலில், சொந்தக்காரர்கள் பார்வையை இவள்மேல் வைத்துக்கொண்டு கேள்வியை என்மேல் போடும்போதெல்லாம், நல்லவேளை இவளுக்கு எதுவும் எட்டவில்லை, எல்லாம் எனக்கு மட்டும் எட்டினால் போதும் என்று.

இப்போது கேள்விகள். குரல் தெளிவாய் வருகிறது. நம்பர்களைச் சொல்லுகிறாள், திருப்பிச் சொல்லு கண்ணு. ரோஷிணி நேராகச் சொல்லுகிறாள். திருப்பி, கடைசியிலேருந்து. திரும்பவும் நேராக. ரெண்டு நம்பர்கூட வரவில்லையா. வாய்க்குள் நான் திருப்பிச் சொல்லிவிட்டேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவர் என்னையே பார்க்கிறார். எனக்கும் டெஸ்ட் வைக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். மூன்று வருஷத்தில் பிள்ளை இவ்வளவு பின்னால் போய்விட்டாளா? நான்தான் விட்டுவிட்டேனா, எழுபத்திரண்டு வந்த கோபத்தில் தீப்பெட்டியெல்லாம் பரணில் போட்டுவிட்டு, இனி எதற்கு என்று கைகழுவிவிட்டேனே, அதனால்தான் கொஞ்சம் இருந்ததும் போய்விட்டதா? இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பிளும் கொய்யாவும் எந்த வகையில ஒண்ணு, ரோஷிணி? வந்துவிட்டது, அதே கேள்வி, ஒரு எழுத்துக்கூட மாறாமல். பழம். சொல்லு, பழம். சொல்லாதே. இல்லை, சொல்லு, இது ஒன்றையாவது சொல்லு. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிடுகிறது. அப்புறம் என் மகளின் குரல், அவசரமில்லாமல்.

"ரெண்டையும் எங்கம்மா அரிஞ்சு எனக்குக் குடுக்கும். அது திங்காது."

டாக்டரம்மா சரி என்கிறாள். பேனா கீறுகிறது. சுழி போட்டிருப்பாள். அந்தப் பதிலுக்குச் சுழிதான், எனக்குத் தெரியும், கயத்தாறு அம்மா சொல்லியிருக்கிறாள், பழம் என்று சொன்னால்தான் முழு மார்க், சாப்பிடலாம் என்று சொன்னால் பாதி. அம்மா தின்னமாட்டாள் என்பதற்கு எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஆப்பிள் வாங்கினால் ஒன்றோ இரண்டோதான் வாங்குவேன், கொட்டையை ஒட்டியிருக்கிறதைக் கடித்துவிட்டுப் போட்டுவிடுவேன், அதை யார் கவனித்தார்கள் இந்த வீட்டில், இவள் அப்பாவா, என் அம்மாவா? ஒருத்தி கவனித்திருக்கிறாள். அதற்குச் சுழி. நீங்களும் உங்கள் அளவுகோலும் நாசமாய்ப் போக. எழுந்து திரையை விலக்கி அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டும்போல இருக்கிறது, நீ கேட்ட கேள்விக்கு என் பிள்ளை சொன்னதுதான் பதில், உன் புத்தகத்தைத் திருத்து என்று. திருத்திவிட்டால் மார்க் கூடிவிடும். உட்கார், செண்பகவல்லி, உட்கார்.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண்தான், கல்யாணம்கூட ஆகியிருக்காது, முகத்தில் அக்கறை நிஜமாகவே இருக்கிறது, அதனால் திட்டவும் முடியவில்லை. ரோஷிணியை உட்காரவைத்துக்கொண்டேதான் சொல்லுகிறாள். போன தடவைக்கு இந்தத் தடவை குறைந்திருக்கிறதாம், அறுபத்தொன்று. வயசு கூடக்கூட அதற்கேற்றபடி வளராவிட்டால் இப்படி வரும், பயப்படவேண்டாம், சர்டிபிகேட்டுக்குத் தடையில்லை, மெடிக்கல் போர்டில் கையெழுத்தாகி வந்துவிடும். சந்தோஷம்தானேம்மா என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று அவளே தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷம் என்றேன். கும்பிட்டேன்கூட. எழுத ஆள் வரும், பாஸாகிவிடுவாள், பெரியக்கா மகன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என் பிள்ளை மூளை வளரவில்லை என்று சர்க்கார் முத்திரை போட்டுத் தரப்போகிறது, நான் அதை லேமினேட் செய்து பீரோவில் வைக்கப்போகிறேன். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்துகிறது. இவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், இந்த வயதிலும். ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, வேன் ஒன்று போனதும் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். நான் எதையும் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அதே கடை. சீனிச்சேவு வேணும் என்று நிற்கிறாள். போன தடவை டெஸ்ட் முடிந்து வாங்கினோம் அல்லவா, வழக்கம் என்று வைத்துக்கொண்டுவிட்டாள். தெருவுக்குக் கொடுக்க இல்லை, இவளுக்கு மட்டும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்து, சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தேன். நூலைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மார்க் கொறஞ்சிருச்சுல்ல என்கிறாள். ஆமாம்டா, அதனால் ஒன்றுமில்லை, நீ நல்லாத்தான் சொன்னே என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல, கொஞ்சம் பொறுமையோடு பார்க்கிறாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், அது என்னுடையது, இவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது நான் பார்க்கிற பார்வை.

"கட்டையெல்லாம் எனக்கு அடுக்கத் தெரியும்மா. அடுக்கிட்டு ஒண்ண மட்டும் திருப்பி வச்சிட்டேன். போன தடவ நெறைய எடுத்தேன், நீ அடுக்களையில ஒக்காந்து அழுத. கொறஞ்சு வந்தாத்தான் நல்லதுன்னு அப்பா நேத்துச் சொன்னாகல்ல."

பஸ் ஒன்று கத்திக்கொண்டு திரும்புகிறது. நேற்று. பூண்டு. நிமிராத தலை. அப்பா சொன்னதைக் கேட்டாள், நான் மாட்டேன் என்றதையும் கேட்டாள், இரண்டையும் வைத்துக்கொண்டு தானாக ஒரு முடிவெடுத்தாள். ஒரு மணி நேரம், தெரிந்ததைத் தெரியாத மாதிரி, படித்த ஒரு பெண் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு இடத்திலும் பிடிபடாமல். நான் செய்திருப்பேனா? என்னால் முடிந்திருக்காது. என் மகள் வாழ்நாளில் செய்த பெரிய புத்திசாலித்தனம் இது, இதற்குத்தான் அறுபத்தொன்று, இதை ஒருத்தரிடமும் சொல்லமுடியாது, சொன்னால் பறித்துக்கொள்வார்கள். அப்போ பழம்? ஆப்பிளும் கொய்யாவும் பழம் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ரெண்டும் பழம், நீதான சொல்லிக்குடுத்த. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே என்றதற்கு, தப்பாச் சொல்லணும், ஆனா பொய் சொல்லக்கூடாதுல்ல, அதான் நெசமான வேற ஒண்ணச் சொன்னேன் என்று சேவை நொறுக்கினாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, இவளைத் தூக்கிக்கொண்டு ஆடவேண்டும்போல இருக்கிறது, என் மூளைடி நீ, என் மூளைதான் உனக்கு வந்திருக்கு என்று கத்தவேண்டும்போல. அந்தச் சந்தோஷம் முழுசாய் மேலே வருவதற்குள் வேறொன்று வந்து அடியோடு பிடித்து இழுத்துவிட்டது. நேற்றுக் கேட்டிருக்கிறாள் என்றால் முந்தாநாளும் கேட்டிருப்பாள். என் அம்மா சொன்னது. கிரகணக் கதை. கொழுந்தன் சிரித்தது. பெரியக்கா மகன். இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா கேட்டதும் நான் பதில் சொன்னதும். அப்புறம், அப்புறம் அன்றொரு நாள் போனில் என் அக்காவிடம் நான் சொன்னது, எனக்கு முந்தி இவ போயிட்டா நிம்மதிக்கா, நான் கண்ணை மூடினப்புறம் யாரு பார்ப்பா என்று, இவள் என் மடிப்பக்கத்தில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள், பூவை நாரில் வைத்து முடிந்துகொண்டே இருந்தாள், ஒரு முடிச்சுக்கூட நழுவவில்லை. புரியாதது புண்ணியம் என்று நான்தானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லவில்லை.

"ரோஷி, நாங்க பேசுறதுல வேற என்னெல்லாம் கேட்டிருக்க?"

யோசிக்கிறாள். நிஜமாகவே யோசிக்கிறாள், நெற்றி சுருங்குகிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவள் மாதிரி. அப்புறம் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுகிறாள்.

"எல்லாந்தான்" என்கிறாள். "இந்தா, நீயும் தின்னு."